ஊர்ப்புறத்தில் ஓர் ஏக்கர் வளவு: வீட்டைப் பார்க்க முன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ இரண்டு பரப்புக் காணிக்கு (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) விலை கேட்டுவிட்டுத் திகைத்து நிற்பவரிடம், "இந்தக் காசுக்கு மீசாலைப் பக்கம் வீட்டோடு ஓர் ஏக்கரே எடுக்கலாம்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் அவர் சொல்வதில் பிழை இருக்காது. நகரத்தை விட்டு விலக விலகப் பரப்பு விலை இறங்குகிறது, மரம் கூடுகிறது, சத்தம் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் மாமர நிழலில் கதிரை போட்டு இளநீர் வெட்டித் தருவார்கள். பாதி மனம் அந்த இடத்திலேயே காணி உறுதிப் பத்திரம் முடித்துவிடும்.

இப்படிக் காணி பார்க்கப் போகிறவர்கள் முதலில் வீட்டுக்குள் போகிறார்கள். எத்தனை அறை, நிலம் மாபிளா சீமெந்தா, குசினிக்குக் கப்போர்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் வீடு கடைசியாகப் பார்க்க வேண்டிய சாமான். வீட்டைத் திருத்தலாம், இடித்துவிட்டுப் புதிதாகவும் கட்டலாம். சவர்த் தண்ணீர் (உவர்நீர்க்) கிணற்றை நல்ல தண்ணீர்க் கிணறாக்க எந்த மேசனாலும் முடியாது. பத்துப் பேருக்குப் பங்குள்ள காணியை ஒருவரிடம் வாங்கிவிட்டால் அதைச் சரிக்கட்ட உங்கள் ஆயுளே போதாமல் போகலாம். யாழ்ப்பாணத்தில் ஊர்ப்புற வளவு வாங்குவதென்றால் முதலில் தண்ணீர் வாங்குகிறீர்கள், அப்புறம் ஒரு கட்டு உறுதிகள் வாங்குகிறீர்கள். வீடு அவற்றோடு சேர்ந்து வருகிறது.

அளவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பேரம் தொடங்குவதும் அங்கேதான். ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்புக்கு 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடிக்குச் சற்று மேல். இது வீட்டுக் காணிக்கும் தோட்டக் காணிக்கும் வழக்கிலுள்ள, 18 குழி கொண்ட வரகுப் பரப்பு. வயலுக்கு வேறு கணக்கு: நெல் பரப்பு 12 குழிதான், ஏக்கருக்கு 24 பரப்பு. பழைய உறுதியில் "பரப்பு எட்டு" என்று கண்டால் எந்தப் பரப்பு என்று பாருங்கள். வளவோடு ஒட்டிய தாழ்ந்த துண்டு ஒன்று வயல் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், நீங்கள் எட்டுப் பரப்புக்குக் காசு கொடுத்து ஐந்து பரப்புக்குச் சற்று மேல் மட்டும் வாங்கிக்கொண்டு போக நேரும். அந்தத் துண்டு உண்மையிலேயே வயலாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவோ அதில் கட்டவோ முடியாது. "மண் போட்டு நிரப்பினால் சரி" என்று தரகர் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

சரி, தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் இருந்தாலும் அது மாரியில் மட்டும் ஓடுகிறது. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் நீரைத்தான். அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கிறது. அடியில் கடல்நீர் புகுந்திருக்கிறது. அதன்மேல், பாரம் குறைந்த நன்னீர் ஒரு படையாக மிதக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். நிலநீர் படித்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்லாக இருக்கிறது, ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டரைப் போட்டு இழுத்து இழுத்து மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலே, உவர்நீர் கீழிருந்து பல மடங்கு மேலே ஏறிவர வழி திறக்கிறது. கிணறு வற்றவே வற்றாது என்று விற்பவர் பெருமையாகச் சொல்வது உண்மையாக இருக்கலாம், வற்றாத கிணறு சவராகிப் போவதுண்டு என்பதும் உண்மை. குழாய்க் கிணறு அடித்தால் ஆழத்தில் நல்ல தண்ணீர் வரும் என்ற எண்ணம் வன்னிக்குச் சரிவரலாம், குடாநாட்டில் ஆழம் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறோம்.

ஆகவே ஜனவரி, பெப்ரவரியில் போய்க் கிணற்றைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மாரி முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நிறைந்து, தெளிந்து, கையால் அள்ளிக் குடிக்கலாம் போல இருக்கும். பார்க்க வேண்டிய காலம் ஓகஸ்ட், செப்டம்பர், மழை தொடங்கும் முன். அந்த நேரத்தில் போய், மோட்டரைப் போட்டு ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். இறைக்கத் தொடங்கும்போது ஒரு போத்தல், முடிக்கும்போது ஒரு போத்தல் தண்ணீர் பிடியுங்கள். இரண்டையும் நாக்கில் வைத்தாலே சில இடங்களில் வித்தியாசம் தெரியும். அப்புறம் குசினிக்குள் போய்க் கேத்தலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளைப் படை எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, ஆணியால் சுரண்டினால் ஓடு ஓடாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு கூடிய தண்ணீர் இங்கே எங்கும் உண்டு, அதற்காகக் காணியை விடத் தேவையில்லை, ஆனால் ஹீட்டர், சோலர் சுடுநீர், குழாய்ப் பூட்டு எல்லாம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அந்தக் கேத்தல் தரகரைவிட நேர்மையாகச் சொல்லும். கிணற்றடியில் நிற்கும் மரங்களையும் பாருங்கள். வாழையும் எலுமிச்சையும் செழித்து நின்றால் நல்லது. தென்னை மட்டும் நன்றாக நின்று மற்றதெல்லாம் இலை நுனி கருகி நின்றால் யோசியுங்கள்.

உப்பு நாக்குக்குத் தெரியும். நைத்திரேற்று தெரியாது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள், அதாவது கோப்பாய், உரும்பிராய், ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் போன்ற ஊர்கள், குடாநாட்டின் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ள இடங்கள். வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் வாழையும் அங்கே மாறி மாறி வரும். அந்தப் பயிருக்கெல்லாம் யூரியா போகிறது, போட்ட உரத்தில் மிஞ்சியது மழையோடு அதே வெடிப்புக் கல்லுக்குள் இறங்குகிறது. வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்குச் செறிவு கூடும். எனவே வாங்க முன் ஒரு தடவையாவது ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். உப்பு, நைத்திரேற்று, கிருமி மூன்றையும் கேளுங்கள். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களென்றால் எண்ணெயையும் சேருங்கள். அந்தப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. சோதனைக்குப் போகும் காசு, பத்திரம் முடிக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சனம் செய்வதில்லை.

பெரிய வளவின் உண்மையான ஆதாயமும் இதே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாங்காயும் காற்றும் இரண்டாவது. நகரத்துக்குள் இரண்டு பரப்பில் வீடு கட்டி, ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலசலகூடக் குழி என்று வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு ஏக்கரில் குழியைக் கிணற்றிலிருந்து 100 அடிக்கு மேல் தள்ளி வைக்கலாம், அயலவரின் குழியும் தள்ளி இருக்கும். அடிநிலக் கல் ஒரே வெடிப்பாக இருப்பதால் தூரம் முழுப் பாதுகாப்பல்ல, ஆனால் இரண்டு பரப்புக்காரனுக்கு அந்தத் தூரமே இல்லை.

குழாய் நீர் வருகிறதே, பிறகெதற்குக் கிணறு என்று கேட்கலாம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டு, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவில் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அது பெரிய நிம்மதி. வாங்கப் போகும் வளவின் படலையடியில் மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 16 பரப்புத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் இறைக்க எவராலும் கட்டுப்படியாகாது.

இடம் இடமாகச் சொல்வதென்றால்: வலிகாமத்துச் செம்மண்ணில் என்ன வைத்தாலும் வரும், அதனால் பரப்பு விலையும் ஏறித்தான் நிற்கும், உர நீர்ப் பிரச்சினையும் அங்கேதான். தென்மராட்சி மணல் கலந்த மண். தென்னை, மா, பலாவுக்கு அதுவே ஊர், மட்டுவில் கத்தரிக்காய்க்குத் தனிப் பெயர், ஆனால் கடலேரிக்குக் கிட்டவுள்ள நாவற்குழி, தனங்கிளப்பு, கச்சாய்ப் பக்கங்களில் ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் தண்ணீர் மாறும். தீவுப்பகுதியில் வீடு மலிவாகக் கிடைத்தால் தண்ணீரால்தான் மலிவு என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

இனி உறுதி. இங்கே காணிக்குப் பெயர் உண்டு, ஆட்களுக்குப் போல. ஒவ்வொரு துண்டுக்கும் ஒல்லாந்தர் காலத் தோம்பிலிருந்து, அதாவது காணிப் பதிவேட்டிலிருந்து, வந்த ஒரு பெயர், அப்புறம் "பரப்பு இவ்வளவு, இதற்கு எல்லை கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் பெண்சாதி இன்னார், மேற்கு கோயிலுக்குரித்தான காணி, இதற்குள் அடங்கிய வீடு, செய்பயிர், வான்பயிர், கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் பங்கு" என்று ஓடும். அந்த இன்னாரெல்லாம் செத்து அறுபது வருடம் ஆகியிருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவில் இருப்பார்கள். எல்லை இப்போது எது என்பதைக் கடுதாசி சொல்லாது, வேலிதான் சொல்லும். வேலியோ, ஒவ்வொரு முறை கதியால் (வேலிக்கு நடும் தடி) மாற்றும்போதும் அரை அடி நகரக்கூடியது என்பதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே பழைய உறுதியை மட்டும் நம்பாமல் சர்வேயரைப் பிடித்துப் புதிதாக அளந்து, படம் கீறி, எல்லைக் கல் போட்டு, அந்த அளவைப் புது உறுதியில் எழுதுவியுங்கள். அளக்கும் நாளில் நான்கு பக்கத்து அயலவருக்கும் சொல்லி நிற்க வையுங்கள். முகம் கோணுகிறவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

"கிணற்றில் பங்கு" என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். வளவுக்குள் கிணறு இருப்பதாலேயே அது முழுக்க உங்களுடையது என்று ஆகாது. பாட்டன் காலத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த தோட்டத்தில் கிணறு ஒருவரின் துண்டுக்குள் விழும், மற்ற மூவருக்கும் பங்கும் வாய்க்காலும் அதற்குப் போகும் வழியும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் சுற்றிவர மதில் கட்டிக் கேற் போட்ட பிறகு, பின்காணிக்காரர் மண்வெட்டியும் கையுமாக வந்து "என்ர முறைக்கு இறைக்க வேணும் தம்பி" என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

அதைவிடப் பெரியது உரித்து. பிரிபடாத பங்கு என்பது இங்கே சாதாரணம். தாய் தகப்பன் உறுதி எழுதாமல் இறந்திருப்பார்கள், ஆறு பிள்ளைகள், ஒருவர் ஊரில், நாலு பேர் வெளியில், ஒருவர் எங்கே என்று தெரியாது. ஊரில் இருப்பவர் வளவைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அவர்தான் விற்க வருவார். ஆறு பேரின் கையெழுத்தும் வேண்டும், வெளியில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்காகக் கையெழுத்து வைக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்ப வேண்டும். அந்தத் தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள், ஆள் இறந்தால் அதுவும் இறந்தது. கனடாவில் இருக்கும் தமக்கைக்கு நீங்களே ஒரு வாட்ஸ்அப் அழைப்பு எடுத்து "அக்கா, இந்தக் காணி விற்கிறது உங்களுக்குத் தெரியும்தானே" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சில வேளைகளில் அவருக்குத் தெரிந்திருக்காது.

"நாங்கள் முப்பது வருசமாய் இருக்கிறம், ஆட்சி உரிமை இருக்கு" என்று சொல்லி ஒரு வெளிப்படுத்தல் உறுதியைக் காட்டினால் கூடுதல் கவனம் தேவை. பத்து ஆண்டு தடையில்லாமல் எதிராட்சி செய்தவருக்கு, அதாவது உரியவருக்கு எதிராகக் காணியைத் தன்னுடையதாக ஆண்டவருக்கு, உரித்துக் கேட்க 1871ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும், தானே எழுதிய உறுதி மட்டும் போதாது. கூட்டுப் பங்குக்காரரில் ஒருவர் இருந்ததால் மற்றவரின் பங்கு அழிந்துவிடும் என்றும் இல்லை. அதோடு இந்த ஊரில் அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை? 1995இல் வலிகாமம் முழுக்க எழும்பிப் போனது, 2000இல் தென்மராட்சி, 1990இலிருந்து வலிகாமம் வடக்கு. உரியவர் விருப்பத்தோடா விட்டுப் போனார்? இதற்காகத்தான் 2016இல் ஒரு சிறப்புச் சட்டமே வந்தது, போர்க்காலத்தால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்து. எனவே யாரோ போய்விட்ட காணியில் இருப்பவரிடம் வாங்குவதை, விலை எவ்வளவு இறங்கினாலும், நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் மறக்க முடியாது. 1707இல் ஒல்லாந்தர் எழுதி வைத்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற அதே தேசவழமை இன்றும் வடக்குக் காணிகளில் வேலை செய்கிறது. விற்பவர் திருமணமான பெண்ணாக இருந்து தேசவழமைக்கு உட்பட்டவராக இருந்தால், சீதனக் காணியே என்றாலும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். (இது சரியா என்று கேட்டால் சரியில்லை என்றுதான் சொல்வேன், ஆனால் சட்டம் மாறும்வரை கையெழுத்து வாங்குங்கள்.) பங்குக்காரருக்கும், விற்பவரின் உரிமை வழி வாரிசுகளுக்கும் காணியை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு, 1947ஆம் ஆண்டின் முன்னீட்டுக் கொள்வனவுச் சட்டப்படி. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் உங்களுக்கு எழுதினால், பிறகு அவர்கள் வழக்குப் போட்டு அதே விலைக்குத் தங்களுக்கு மாற்றச் சொல்லலாம். உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டு முத்திரைக் காசை மிச்சம் பிடித்தவருக்கு இது இரட்டை அடி, ஏனென்றால் எழுதிய விலையைத்தானே அவர்கள் காட்டுவார்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதையும் உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணத்தையும் காணி விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு பத்தி. இலங்கைக் குடியுரிமையை இழந்து வேற்று நாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் பெயருக்கு இங்கே காணி எழுத முடியாது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடை இல்லை, வாரிசாக வருவதற்கும் தடை இல்லை. பலர் என்ன செய்கிறார்கள் என்றால் தம்பியின் பெயரில் எழுதுகிறார்கள். தம்பி நல்லவனாக இருக்கலாம். ஆனால் திருமணத்துக்குப் பின் காசு கொடுத்து வாங்கிய சொத்து தேசவழமையில் தேடியதேட்டம், அதில் பாதி தனக்கு என்று தம்பியின் மனைவி வாதாட இடம் உண்டு. இரட்டைக் குடியுரிமைக்குக் கட்டும் காசு அதைவிட மலிவு.

கிளாலி, எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் மலிவாகக் காணி வந்தால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடமா என்று பிரதேச செயலகத்தில் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். அந்தத் திசையில் காணி உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணியா என்பதையும் பாருங்கள். ஒப்பக் காணியை ஆளுக்காள் கடுதாசி எழுதி விற்க முடியாது. வெள்ளத்துக்கு அயலவரிடம் இரண்டே கேள்வி: 2008இல் நிஷா புயலுக்கு எவ்வளவு நின்றது, 2024 நவம்பரில் எவ்வளவு நின்றது. பதில் சொல்லாமல் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாதை வேறு கதை. கையொழுங்கைக்குள் இருக்கும் வளவு அழகாக இருக்கும், இரண்டு பக்கமும் கிளுவையும் பூவரசும் நிழல் கட்டி நிற்கும். கட்டடச் சாமான் ஏற்றிய லொறி உள்ளே திரும்புமா? இரவு இரண்டு மணிக்கு அம்புலன்ஸ் வருமா? ஒழுங்கை பிரதேச சபையினதா, தனியார் காணிக்குள்ளால் போகும் வழியா? கடைசிக் கேள்விக்குப் பதில் உறுதியில் எழுத்தில் இல்லாவிட்டால், வழி விட்டவரின் மகன் நாளைக்கு அடைக்கலாம்.

பழைய வீடென்றால் அதற்கும் ஒரு பார்வை வேண்டும், நாற்சார் வீட்டின் முற்றத்தில் மயங்கி நின்றுவிடாமல். நன்றாக முற்றிய பனைமரத்தில் அறுத்த வளையும் சிலாகையும் நூறு வருடம் நிற்கும், இடையில் புதிதாகப் போட்ட மலிவு மரத்தைத்தான் கறையான் முதலில் தின்னும். ஏணி வைத்து ஏறி, சுவரோடு வளை சேரும் இடத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், சத்தம் வெறுமையாக வந்தால் உள்ளே மண்தான். ஓடுகளில் பாதி மாற்றியிருக்கும், ஷெல் விழுந்த மூலையைச் சீமெந்தால் பூசியிருப்பார்கள். வயரிங் எந்தக் காலத்தது என்று கேளுங்கள். போருக்குப் பின் கரண்ட் வந்தபோது அவசரத்தில் இழுத்த வயர் இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. ஓர் அறையை இடித்துப் பெருப்பிக்க நினைத்தால் குறுக்கே நிற்கும் பலா மரத்தையோ பெண் பனையையோ அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இவ்வளவும் சரிவந்தால் மிச்சம் இருப்பது நீங்கள்தான். ஓர் ஏக்கரை யார் பார்ப்பது? மாரி முடிந்து இரண்டு கிழமை போனால் முழங்கால் உயரத்துக்குப் புல், அதற்குள் புடையனும் சுருட்டையும். தேங்காய் பிடுங்க ஆள் வேண்டும், அந்த ஆள் நாளைக்கு நாளைக்கு என்று மூன்று கிழமை இழுப்பான். தென்னைக்கு வெண் ஈ வந்து ஓலை கறுத்து நிற்கிறது. தென்மராட்சியில் குரங்கு வேறு. வேலி அடைக்க ஒவ்வொரு ஆண்டும் கதியால், கிடுகு, கூலி. தகரம் அடித்தால் ஒருமுறைச் செலவு, மதில் கட்டினால் ஓர் ஏக்கரைச் சுற்றி எப்படியும் 800 அடிக்கு மேல் வரும், அதன் கணக்கைக் கேட்டபிறகு பலர் கிளுவைக்கே திரும்புகிறார்கள். தண்ணீர் இறைக்கும் செலவு நம் கையில் இல்லை என்பதை 2022 ஓகஸ்ட்டில் எல்லாரும் பார்த்தோம், மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. தோட்டத் துண்டை அயலிலுள்ள கமக்காரருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது ஒரு நல்ல வழி, நிலமும் துப்புரவாக இருக்கும், பகலில் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஆனால் குத்தகையை எழுத்தில் கொடுங்கள், அவர் அடிக்கும் மருந்தும் போடும் உரமும் உங்கள் குடிநீர்க் கிணற்றுப் பக்கம் வராத துண்டாகப் பார்த்துக் கொடுங்கள்.

பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் இருந்தால் தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காதீர்கள், ரியூசனில் அளந்து பாருங்கள். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் கண்டி வீதியால் 15 கிலோமீற்றர் அளவில்தான், மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம், புகையிரதமும் உண்டு. ஆனால் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு முடிய, மூன்றரைக்கு இரசாயனவியல் வகுப்பு, ஆறு மணிக்குப் பௌதிகவியல், எல்லாம் நகரத்துக்குள். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக முடியாது, இரவு வகுப்பு விட்டுத் தனியாக அனுப்பவும் மனம் வராது. அம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு தடவை நாவற்குழிப் பாலம் கடப்பார், மூன்றாவது மாதம் ரவுனுக்குள் ஓர் அறை வாடகைக்குப் பார்ப்பார்கள், ஏக்கர் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வளவில் முதலில் மோட்டர் போகும், அப்புறம் வயர், அப்புறம் கதவு. வயதானவர்களுக்கும் இதே மாதிரித்தான். கிழமைக்கு ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக் கிளினிக் போக வேண்டியவர் சங்கானையில் இருப்பதும் கொடிகாமத்துக்கு அப்பால் இருப்பதும் ஒன்றல்ல.

ஆகவே என் கணக்கு இப்படி. ஆண்டு முழுதும் அங்கேயே இருக்கப் போகிறவர், மண்ணில் கை வைக்க விருப்பமுள்ளவர், ஓய்வூதியமோ வேறு வருமானமோ உள்ளவர் என்றால் ஓர் ஏக்கர் நல்ல தெரிவு, தண்ணீரும் உறுதியும் தேறினால். வார இறுதிக்குப் போய் இருக்கலாம் என்று எண்ணுகிறவருக்கும், லண்டனிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து மாம்பழம் சாப்பிட நினைப்பவருக்கும், கோப்பாயிலோ இணுவிலிலோ மானிப்பாயிலோ நல்ல கிணற்றோடு நாலைந்து பரப்பு போதும். அதே காசுக்குக் காணி குறைவாகத்தான் வரும், ஆனால் விற்க வேண்டி வந்தால் வாங்க ஆளும் வருவார். ஓர் ஏக்கர் வளவை விற்பது வாங்குவதைவிடக் கடினம், ஏனென்றால் அவ்வளவையும் ஒன்றாக எடுக்க ஆள் கிடைப்பது அரிது, துண்டாக விற்றால் ஒழுங்கைக்கு ஒரு பங்கு விட வேண்டும். வங்கிக் கடன் எண்ணியிருந்தால் முதலிலேயே கேளுங்கள். உரித்துத் தெளிவில்லாத, பிரிபடாத காணிக்கு அவர்கள் கடன் தரத் தயங்குவார்கள், அவர்களின் சட்டத்தரணி காணியை மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு இலவச ஆலோசனை.

கடைசியாக முற்பணம். காணி பிடித்துவிட்டால் "வேற ஆள் வந்து நிக்குது, இண்டைக்கே ஒரு அட்வான்ஸ் குடுத்தால் நல்லது அண்ணை" என்று தரகர் அவசரப்படுத்துவார். கொப்பிக் கடுதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிக் காசு கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டப்படி காணி விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். கடுதாசியை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம், காணியைத் தா என்று கேட்க முடியாது. எனவே காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தேடுதல் செய்து முடியும்வரை காசு கொடுக்காதீர்கள். தேடுதலைச் செய்யும் நொத்தாரிசும் நீங்கள் பிடித்தவராக இருக்கட்டும், விற்பவரின் நொத்தாரிசு வேண்டாம். உடன்படிக்கை எழுதும்போது சர்வேப் படத்தின் இலக்கம், கிணற்றுப் பங்கு, வழி, மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் காணியோடு வருகிறதா, சோலைவரி (வீட்டுக்கும் காணிக்கும் உள்ளூர்ச் சபைக்குக் கட்டும் வரி) நிலுவை யார் கட்டுவது, எந்தத் திகதிக்கு வீட்டை வெறுமையாக்கித் தருவார்கள் என்பதெல்லாம் அதற்குள் வர வேண்டும். தரகர் காசு உறுதி முடிந்த அன்றைக்கு.